பெயர்த்து நட்ட நெய்தல்

தோற்றுவாய்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்காகப் பழைய நிழற்படங்களைத் தேடித் தொகுக்கும் பணி நடந்துகொண்டிருக்கும் வேளையில் இக்கட்டுரையை எழுதுகிறேன். உறுப்பினர் பலரும் தமக்குப் பிடித்த படங்களைக் கொண்டுவந்து தந்துள்ளனர். பிடித்த படம் என்பது பெரும்பாலும் நாம் மகிழ்ந்திருந்த வேளையின் படமே. மகிழ்ச்சியைக் காட்டும் படங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா அப்போது என்னுள் எழுந்தது. அதற்கு விடை தேட, நமக்குத் தொலைவான ஒரு நாட்டின் படங்களை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ‘டீக்கிப் பண்பாடு’ என்று பெயர்பெற்ற ஒன்றின் படங்கள் அவை.

1950களிலும் 60களிலும் எடுக்கப்பட்டு, இன்றும் அந்நாட்டுக் குடும்பத் தொகுப்புகளில் காணப்படும் அப்படங்கள் பெரிதும் ஒரே சாயலின. மூங்கில் தட்டி அடித்த சுவர். மேலே மீன்வலையும் அதில் தொங்கும் கண்ணாடி மிதவைகளும். ஓரத்தில் வாய் பிளந்து முறைக்கும் மரச்சிலை. நடுவே கழுத்தில் பூமாலை அணிந்த கணவனும் மனைவியும். அவர்கள் முன்னே சிலை வடிவக் குவளையில் மது. விடுதிகளில் மேசை மேசையாகச் சென்று படமெடுத்து, அட்டை உறையிலிட்டு விற்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அவ்வுறையில் உணவகத்தின் பெயர் இருக்கும். பின்புறத்தில் வீட்டார் கையெழுத்தில் ஒரு தேதியும், திருமண நாள் என்றோ பிறந்த நாள் என்றோ ஒரு குறிப்பும் இருப்பதுண்டு.

படத்தில் இருப்பது தென்கடல் தீவு. எடுக்கப்பட்ட இடமோ பெரும்பாலும் கடலே இல்லாத ஏதோ ஓர் அமெரிக்க நகரம்.

கடனாக வந்த கருப்பொருள்

பாலினேசியா என்பது ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு எனப்படும் ராப்பா நூயி ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட பெரும் முக்கோணக் கடற்பரப்பு. அங்குள்ள மார்க்கெசாஸ் தீவுகளில் டீக்கி என்பது தெய்வ உருவங்களையும் முன்னோர் உருவங்களையும் குறிக்கும் சொல். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் மரபிலே அது முதல் மனிதனோடு தொடர்புடைய பெயர். அமெரிக்க உணவகங்களோ மரச்சிலை அனைத்துக்கும் அப்பெயரையே சூட்டின. ராப்பா நூயியின் மோவாய் கற்சிலைகளும், பாலினேசியாவைச் சேராத நியூகினியின் முகமூடிகளும்கூட அங்கே டீக்கி ஆயின.

இவ்வழக்கைத் தொடங்கிவைத்தவராகக் கருதப்படுபவர் எர்னஸ்ட் கான்ட் என்பவர். அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய 1933ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி ஹாலிவுட்டில் ஒரு சிறு மதுக்கூடம் திறந்தார். வலைகளையும் கரையொதுங்கிய கட்டைகளையும் கொண்டு அதனை அழகு செய்தார். பின்னர்த் தம் பெயரையே டான் பீச் என மாற்றிக்கொண்டார். வாடிக்கையாளர் எழுந்து போகாமலிருக்கக் கூரைமேல் நீர் தெளித்து மழை பெய்வதுபோல் காட்டினார் என்றும் சொல்லுவர். அவரைப் பின்பற்றி ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜரான் என்பவர் ‘டிரேடர் விக்ஸ்’ என்னும் உணவகத்தை வளர்த்தெடுத்தார்.

நம் இலக்கணம் நிலத்தை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்துக் காணும். அந்நோக்கில் இவ்வுணவகங்களைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தெய்வம், உணா, மரம், பறை என நெய்தலுக்கு வேண்டிய கருப்பொருள்கள் யாவும் அங்கே உண்டு. ஆயின் தெய்வம் வழிபாட்டினின்று பிரிக்கப்பட்டது. உணவு பெரிதும் தென்சீனச் சமையல். மதுவோ கரீபியன் கடல் தீவுகளின் கரும்பிலிருந்து வடித்த ரம். முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் அங்கே இல்லை. இல்லாத நிலத்தைச் சுவருக்குள் சமைத்தார்கள். இல்லாத பொழுதை மங்கிய விளக்கொளியால் சமைத்தார்கள்.

இதற்குத் தக்க சான்று சான்பிரான்சிஸ்கோ ஃபேர்மவுண்ட் ஓட்டலில் உள்ள டோங்கா அறை. 1929இல் கட்டிய நீச்சல் குளத்தை 1945இல் தென்கடல் காயலாக மாற்றியமைத்தவர் மெல் மெல்வின் என்னும் திரைப்பட அரங்க அமைப்பாளர். இசைக்குழு அக்குளத்திலே படகில் மிதந்துவரும். இடையிடையே இடி முழங்க, குளத்தின்மேல் செயற்கை மழை பொழியும். திரைப்படத்துக்குத் தீவு கட்டியவரே உணவுக்கும் தீவு கட்டினார் என்பது கருதத்தக்கது.

ஏன் இத்தனை வேட்கை?

வேட்கையின் காரணத்தை எளிதில் எள்ளிவிடலாகாது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற இளைஞர் பல்லாயிரவர் திரும்பிவந்து அலுவலகங்களிலும் ஆலைகளிலும் அமர்ந்தனர். ஜேம்ஸ் மிச்செனரின் தென்கடல் கதைகள் 1947இல் நூலாயின. 1949இல் அவை இசை நாடகமாகி மேடையேறின. அதே 1947இல் தோர் ஹேயர்டால் ‘கான்-டிக்கி’ என்னும் கட்டைத் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து 101 நாள் கடலோடித் துவாமோட்டுத் தீவுகளை அடைந்தார். 1959இல் ஹவாய் அமெரிக்காவின் ஐம்பதாவது மாநிலமாயிற்று.

போரின் நினைவை மறக்கவும், அதே போர் காட்டிய கடலை மறவாதிருக்கவும் ஒருங்கே விரும்பிய தலைமுறை அது. ஆண்டுக்கொரு முறை திருமண நாளில் அந்த மங்கிய அறைக்குள் நுழைந்து, மாலை அணிந்து, சிரித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டது. அச்சிரிப்பில் பொய் இல்லை. சுவர் பொய்யாக இருந்தாலும் அதன்முன் அமர்ந்திருந்தோரின் மகிழ்ச்சி மெய்யானதே.

ஒளிப்படக் கருவிக்காக ஓர் ஆட்டம்

போலித் தீவு அமெரிக்க நகரங்களில் மட்டும் இருந்ததன்று. மெய்யான தீவிலும் அது எழுந்தது. ஹவாயின் ஹூலா ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில் நிகழ்ந்தமையால், அன்றைய படச்சுருளில் அவற்றைப் பதிவு செய்வது அரிதாயிருந்தது. அதற்கொரு வழி கண்டார் கோடாக் நிறுவனத்தின் ஹவாய்க் கிளையை நடத்திய ஃபிரிட்ஸ் ஹெர்விக். 1937இல் வைக்கிக்கியில் பட்டப்பகலில் கட்டணமில்லா ஹூலா நிகழ்ச்சியைத் தொடங்கினார். கருவிகளுக்கு ஒளி நன்கு அமையுமாறு இருக்கைகள் போடப்பட்டன. ஆடுவோர் ஹவாய் என்னும் பெயரின் எழுத்துகளை உயர்த்திப் பிடித்து நிற்பர், பயணிகள் படமெடுப்பர். 2002 வரை அந்நிகழ்ச்சி நீடித்தது.

இதனோடு மற்றொரு செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1830இல் அரசி கஅஹுமானு கிறித்தவ சமயச் சார்பால் பொதுவிடங்களில் ஹூலா ஆடுவதைத் தடைசெய்தார். அதற்கு மீண்டும் அரசவைச் சிறப்பளித்தவர் மன்னர் கலாகௌவா. 1883இல் நிகழ்ந்த அவருடைய முடிசூட்டு விழாவில் ஹூலா ஆடப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1893இல், அமெரிக்கப் படைவீரர் கரையிறங்கி நிற்க, அவர் தங்கை அரசி லிலியுஓகலானி அரியணையினின்று அகற்றப்பட்டார். 1898இல் அத்தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. அரசி நீக்கப்பட்ட செயலுக்கு அமெரிக்கா 1993இல் சட்டத் தீர்மானம் வாயிலாக மன்னிப்புக் கேட்டது. சமயம் தடுத்த ஆட்டம், மன்னன் மீட்ட ஆட்டம், நாடிழந்தபின் படச்சுருளுக்காகப் பகலில் ஆடப்பட்ட ஆட்டம் என ஹூலாவுக்கு ஒரு நெடுங்கதை உண்டு. பயணியின் தொகுப்பிலுள்ள வண்ணப்படம் அதன் கடைசி ஏட்டை மட்டுமே காட்டுகிறது.

சட்டகத்துக்கு வெளியே

ஒவ்வொரு படத்துக்கும் நான்கு விளிம்புகள் உண்டு. வரலாறு அவற்றுக்கு வெளியேயும் நின்றுகொண்டிருக்கிறது.

முதலாவதாக, குவளையைக் கலந்தவர் யார்? டான் பீச்சின் மதுக்கூடத்தில் பணிசெய்தவருள் பலர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். கலவை முறை வெளியே தெரியாதிருக்கப் புட்டிகளுக்குக் குறியீடுகள் இடப்பட்டிருந்தன. கலக்கும் கையும் முழு முறையையும் அறியலாகாது என்பதே ஏற்பாடு. அவ்வாறு உழைத்தவருள் ஒருவர் ரே பூஹென். அவர் 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘டீக்கி-டீ’ என்னும் சிறு கூடத்தைத் தொடங்கி, தம் பெயரை நிலைநாட்டினார். ஆனால் அவரைப் போன்ற பலருடைய பெயர்கள் எந்தப் படத்தின் பின்புறத்திலும் எழுதப்படவில்லை.

இரண்டாவதாக, சிலை யாருடையது? ராப்பா நூயி மக்களை 1862 முதல் பெருநாட்டு அடிமை வாணிகர் பிடித்துச் சென்றனர். திரும்பிவந்த சிலரோடு அம்மை நோயும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியிருந்தோர் 111 பேர். இடையே 1868இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலொன்று ‘ஹோவா ஹாகானனாயிஆ’ என்னும் மோவாயை எடுத்துச் சென்றது. அது இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தீவு மக்கள் அதனைத் திருப்பித் தருமாறு கேட்டு வருகின்றனர். அச்சிலையினத்தின் அச்சுப்படியே உணவகக் குவளையாயிற்று.

மூன்றாவதாக, அந்தக் கடல் அப்போது எவ்வாறிருந்தது? 1966 முதல் 1996 வரை பிரான்ஸ், பாலினேசியாவின் மூருரோவா, ஃபங்காட்டௌஃபா பவளத் தீவுகளில் 193 அணுவெடிச் சோதனைகளை நடத்தியது. ஒஹாயோவில் ஒரு குடும்பம் செயற்கை மழையை இரசித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், மெய்யான தீவுகளில் பெய்த மழையில் கதிரியக்கத் துகள் கலந்திருந்தது.

இரங்கல்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பெயர்த்து நட்ட இந்த நெய்தலில் தொடக்கத்தில் அது இடம்பெறவில்லை. காலம் பின்னர் அதனைக் கொண்டுவந்து சேர்த்தது.

1970களில் புதிய தலைமுறைக்கு இவ்வலங்காரம் சலித்துப்போயிற்று. கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கொலம்பஸ் நகரில் 1961இல் எழுந்த ‘கஹீக்கி’ பெரும்படகைக் கவிழ்த்தாற்போன்ற கூரையை உடையது. வாயிலில் தலையில் தீ எரியும் இரு மோவாய் உருவங்கள் காவல் நின்றன. 1997இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆயினும் 2000ஆம் ஆண்டில் மருந்துக்கடை ஒன்றுக்காக இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்வென் கிர்ஸ்டனின் டீக்கி வரலாற்று நூல் வெளிவந்தது. கட்டடம் மறைந்த ஆண்டே அதன் வரலாறு நூலாயிற்று.

அதன்பின் பழம்பொருள் சந்தைகளில் குவளைகளையும் தீப்பெட்டிகளையும் உணவுப் பட்டியல்களையும் மக்கள் தேடலாயினர். வீட்டுப் பரணிலிருந்து அட்டை உறைப் படங்கள் இறங்கின. தம் பெற்றோர் அமர்ந்திருந்த மேசையைப் பிள்ளைகள் படத்தில் அடையாளம் கண்டனர். ஃபோர்ட் லாடர்டேலில் 1956இல் தோர்ன்டன் உடன்பிறந்தார் இருவர் கட்டிய ‘மாய்-காய்’ 2020இல் பெருமழையால் கூரை சரிந்து மூடப்பட்டது. 2024இல் மீண்டும் திறக்கப்பட்டபோது முதியவர்களும் இளைஞர்களும் ஒருங்கே வந்தனர். மெய்யான மழை வந்து போலிக் கூரையைச் சாய்த்தது ஒருவகை முரணணி எனலாம்.

போலியான ஒன்று ஐம்பது ஆண்டு நின்றால், அதனுள் வாழ்ந்தோரின் நினைவால் மெய்யாகிவிடுகிறது. அவர்கள் இரங்குவது தீவுக்காக அன்று; தம் இளமைக்காக. அவ்விரக்கம் மதிக்கத்தக்கதே. ஆனால் தீவு மக்களின் இரங்கலுக்கு அது ஈடாகாது.

இன்னொரு படம்

இத்தொகுப்போடு வைத்துப் பார்க்க வேண்டிய வேறொரு படமும் உண்டு. 1976இல் ‘ஹோக்கூலெஆ’ என்னும் இரட்டைத் தோணி ஹவாயிலிருந்து டஹீட்டிக்குச் சென்றது. திசைகாட்டியோ வேறு கருவியோ இல்லை. மைக்ரோனேசியாவின் சதவால் தீவினரான மாவ் பியாய்லுக் விண்மீனும் அலையும் பார்த்து வழிநடத்தினார். பப்பேட்டே துறைமுகத்தில் பல்லாயிரவர் கூடி வரவேற்றனர். கரையில் நின்ற மக்களைக் காட்டும் அப்படங்களில் தீவினர் தாமே நடுவில் நிற்கின்றனர். தாம் காற்றடித்துத் தற்செயலாக ஒதுங்கியவர் அல்லர், வழியறிந்து வந்தவர் என்பதைத் தம் செயலால் நிறுவிய நாள் அது.

இவ்வகை இரட்டைத் தோணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரான்’ என்னும் பெயர் நம் கட்டுமரம் என்ற சொல்லினின்று பிறந்தது. நம் கட்டுமரம் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. அவர்களுடையது இரு தோணிகளை இணைத்தது. சொல் நம் கரையிலிருந்து புறப்பட்டு, பொருளை மாற்றிக்கொண்டு, வேறொருவர் கலத்தில் ஏறிக்கொண்டது. டீக்கி என்னும் சொல்லுக்கு நேர்ந்ததை நாம் உணர இச்சிறு உறவு போதும்.

நிறைவாக

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். மகிழ்ச்சியின் படம் வரலாற்றுச் சான்றாகுமா? ஆகும், ஆனால் பாதிச் சான்று. சிரித்தவர் யார் என்பதை அது சொல்கிறது. மறுபாதியை நாம் தேடிச் சேர்க்க வேண்டும். பிறர் நிலத்தின் கருப்பொருளை எடுத்தாளும் கவிஞர்க்கும் இது பொருந்தும். தென்னையை எடுப்பது எளிது. அத்தென்னையின் கீழ் நின்று அழுதவர் யார் என்று கேட்பதே அரிது.

நம் மலரில் இடம்பெறும் படங்களிலும் மாலையணிந்தோர் நடுவில் இருக்கின்றனர். நாற்காலி அடுக்கியவர், ஒலிபெருக்கி கட்டியவர், அச்சுக்கூடத்தில் இரவெல்லாம் விழித்தவர், தேநீர் கொணர்ந்த சிறுவன் ஆகியோர் படத்தில் இல்லை. மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தையும் பெட்டியில் வைக்கும் முன்னர், அதன் பின்புறத்தில் அவர்கள் பெயர்களையும் எழுதிவைப்போம். இருபதாம் ஆண்டு மலரைத் தொகுப்போர் அதனைப் புரட்டிப் பார்ப்பர்.