காதல் உறவில் கொடுமையும் பெண்களின் மனநலமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே அமைந்த ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வட்டாரத்துப் பெண்கள் பலர் இன்று பனியன் கம்பெனிகளில் வேலை செய்கின்றனர். வெளியூர்களிலிருந்து வந்து விடுதியிலும் வாடகை அறையிலும் தங்கி உழைக்கும் பெண்களும் திருப்பூர்ப் பகுதியில் மிகுதி. சொந்தபந்தம் இல்லாத இடத்தில் காதல் ஒரு துணையாகிறது. அத்துணையே கொடுமையாக மாறினால் அவர்கள் எங்கே போவார்கள்?

மனக்காயம் அறியப்பட்ட வரலாறு

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் இக்கொடுமையை ஒரு சுழற்சியாக விளக்கினார். முதலில் பதற்றம் கூடும். பிறகு அடி விழும். அடுத்து மன்னிப்பும் கொஞ்சலும் வரும். அந்தக் கொஞ்சலை நம்பியே பெண் உறவில் தங்கிவிடுகிறாள். நீண்டநாள் அடக்குமுறை ஒருமுறை நேரும் அதிர்ச்சியைவிட ஆழமாகச் சிதைக்கும் என்று ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதினார். கைப்பேசியைச் சோதிப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது, தோழிகளிடமிருந்து பிரிப்பது போன்ற அடி இல்லாத அடக்குமுறையை இவான் ஸ்டார்க் 2007இல் விரிவாக ஆராய்ந்தார். துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவித்தது. தூக்கமின்மை, அச்சம், தன்மீதே பழி சுமத்திக்கொள்ளுதல், தற்கொலை எண்ணம் ஆகியனவும் இதன் விளைவுகள்.

சட்டம் வந்த வழி

1983இல் சேர்க்கப்பட்ட 498அ பிரிவு மனக்கொடுமையையும் குற்றமாக்கியது. ஆனால் அது கணவனுக்கும் அவன் உறவினருக்கும் மட்டுமே பொருந்தியது. 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு அளித்தது. கோவை குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. இருவரும் திருமணத் தகுதி உடையவராக, கணவன் மனைவி போல் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றது.

எஞ்சிய இடைவெளி

விடுதியில் தனியே தங்கும் பெண்ணின் காதல் இந்த எல்லைக்குள் வராது. அடித்தாலோ, மிரட்டினாலோ, பின்தொடர்ந்தாலோ குற்றவியல் சட்டம் உதவும். நாள்தோறும் மனத்தை நசுக்கும் கட்டுப்பாட்டுக்கு எதிராக அவள் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணையைக் கேட்பது கடினம். மருத்துவம் காயத்தைப் பார்க்கிறது. சட்டம் ஒரே கூரையையும் பார்க்கிறது.

ஆனாலும் துணிந்து சொன்ன சொல் வீண்போவதில்லை. நட்பாகப் பழகி ஏமாற்றிய பொள்ளாச்சி வழக்கில், பெண்களின் சாட்சியத்தால் 2025 மே 13இல் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறை விதிக்கப்பட்டது. பெண்கள் உதவி எண் 181, மனநல உதவி எண் 14416. இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் இருக்க வேண்டியவை.