ரப்பர் மரத்திற்குப் பெயர் தந்தது அழிப்பானே!



அண்மையில் வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, அழிப்பானை ஏன் ரப்பர் என்கிறோம்?" என்று வினவினான். "ரப்பர் மரத்துப் பாலில் செய்வதால் அப்பெயர் வந்தது" என்று தயங்காமல் விடையளித்தேன். அன்று மாலை நூல்களைப் புரட்டியபோதுதான் செய்தியைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன் என்பது புலப்பட்டது. மறுநாள் வகுப்பில் அதனைத் திருத்திக் கூறினேன். நீங்களும் அறிந்துகொள்ள வேண்டுமென்று இங்கே எழுதுகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் பென்சில் கோடுகளை ரொட்டித் துண்டால் தேய்த்து அழித்தனர். தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த மரப்பால் கட்டி அவ்வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எனும் ஆங்கில அறிஞர் எழுதி வைத்தார். இலண்டனில் எட்வர்ட் நேர்ன் என்பவர் அரை அங்குலக் கனசதுரத் துண்டு ஒன்றை மூன்று ஷில்லிங்கிற்கு விற்றார். ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்த்தல், தேய்ப்பது 'ரப்பர்'. ஆக, அழிப்பானுக்குரிய பெயரே பிற்காலத்தில் மரத்திற்கும் ஆகிவந்தது!

அப்பால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பிறகு, உலகமே மரப்பாலைத் தேடத் தொடங்கியது.

இவ்வரலாற்றில் நம் பேராக் மாநிலத்திற்கும் பெரும் பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளுள் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராக் ரெசிடண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அக்காலத்து மரமாகப் போற்றப்படும் ஒன்றை இன்றும் அவ்வூரில் காணலாம். பின்னர், சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தளித்தார்.

அம்முறையைத் தம் கைகளால் நாள்தோறும் செய்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமாரே. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் விடியுமுன்னரே பிரட்டுக்களத்தில் நின்று, பின் நிரை நிரையாக மரம் சீவினர். அவர்கள் அம்மரத்தைப் 'பால்மரம்' என்றே அழைத்தனர். ஆங்கிலேயர் அழிக்கும் தொழிலைக் கண்டு பெயரிட்டனர். நம்மவரோ மரத்தையே கண்டு பெயரிட்டனர். எத்துணை அழகிய வேறுபாடு!

மற்றொரு வியப்பும் உண்டு. இன்று கடைகளில் விற்கும் அழிப்பான்களுள் பெரும்பாலானவை நெகிழியால் ஆனவை. அவற்றில் மரப்பால் ஒரு சொட்டும் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பலவும் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பால்மரத்தை நேரில் கண்டிராத பிள்ளைகளே இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர்.

பெற்றோர்களே, விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளைக் கோலகங்சாருக்கு அழைத்துச் சென்று அம்மரத்தைக் காட்டுங்கள். வீட்டில் தோட்டத்துப் பாட்டி இருந்தால் மங்கு, ஒட்டுப்பால், பிரட்டு, லயம் ஆகிய சொற்களின் பொருளை அவரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்களே, அவ்வேட்டைக் கட்டுரைப் பாடத்திற்குப் பயன்படுத்தலாம். தேய்த்தால் அழிவது பென்சில் கோடு மட்டுமன்று. கேட்டு வைக்காத வரலாறும் அழிந்துதான் போகும்.