பட்டியலில் விடுபட்ட கோபம்

தமிழ் நூல்கள் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்றும் மருத்துவமனைகள் ஏடிஎச்டி என்றும் குறிப்பிடும் நிலை இன்று மூன்று விதமாக வெளிப்படுவதாகப் பார்க்கப்படுகிறது. கவனம் நிலைக்காதது ஒன்று; ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத துறுதுறுப்பும் யோசிக்காமல் பாய்வதும் இன்னொன்று; இரண்டும் கலந்தது மூன்றாவது. நோயறியும் பட்டியலில் உள்ள 18 அறிகுறிகளில் கோபம் இல்லை; அழுகையும், சின்ன ஏமாற்றத்தில் நொறுங்கிப்போவதும் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளை வளரும் வீடுகளில் பெற்றோரை அதிகம் அலைக்கழிப்பவையோ அவைதான். மருத்துவ எழுத்திலும் அவைதான் முன்வரிசையில் இருந்தன, நடுவில் கைவிடப்பட்டன.

ஜெர்மானிய மருத்துவர் மெல்கியோர் ஆடம் வைக்கார்ட் 1775-இல் கவனமின்மையைப் பற்றித் தனி அத்தியாயம் எழுதினார். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இல் ஒருபடி மேலே போனார். நாய் குரைக்கும் ஓசைகூட இத்தகைய நோயாளிகளின் கவனத்தைக் குலைத்துவிடும், அப்போது எழும் கோபம் பித்தின் எல்லையைத் தொடும் என்று அவர் பதிவு செய்தார். பிராங்க்பர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் 1840-களில் வெளியிட்ட 'ஸ்ட்ரூவல்பீட்டர்' என்னும் குழந்தைப் பாடல் நூலில், நாற்காலியை ஆட்டி மேசைவிரிப்போடு விழும் பிலிப் வருகிறான். பின்னர் சேர்ந்த இன்னொரு பாடலில், வானத்தைப் பார்த்தபடி நடந்து ஆற்றில் விழும் ஹான்ஸ் வருகிறான். துறுதுறுப்பு, கவனமின்மை என்ற இரண்டையும் இந்த இருவரிடமும் இன்றைய வாசகர் அடையாளம் காண முடியும்.

உணர்ச்சியை நடுவில் வைத்துப் பேசியவர் லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில். 1902-இல் ராயல் மருத்துவர் கல்லூரியில் அவர் ஆற்றிய மூன்று சொற்பொழிவுகள் 'தி லான்செட்' இதழில் வெளியாயின. அறிவில் குறையில்லாத, ஆனால் தன்னைத் தடுத்துக்கொள்ள முடியாத 20 குழந்தைகளை அவர் விவரித்தார். அவர்களில் 5 பேர் பெண்கள். அக்குழந்தைகளிடம் கண்ட குணங்களில் முதலாவதாக அவர் வைத்தது கட்டுக்கடங்காத உணர்ச்சி வேகம். உடனே வேண்டும், இப்போதே வேண்டும் என்ற துடிப்பைப் பின்விளைவு பற்றிய எண்ணம் தடுக்கவில்லை என்பது அவர் கணிப்பு. இதை 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை' என்று அவர் அழைத்தது துரதிர்ஷ்டமானது. இது உடல் சார்ந்த காரணமுள்ளது என்றே அவர் வாதிட்டார். இருந்தும் அந்தப் பெயரில் குழந்தையைக் குற்றவாளியாக்கும் தொனி ஒட்டிக்கொண்டது.

முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிப் பரவிய மூளை அழற்சியிலிருந்து மீண்ட பல குழந்தைகளிடம் அமைதியின்மையும் சினமும் தெரிந்தன. அதனால், காரணம் மூளைச் சேதமே என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மூளை அழற்சியால் பாதிக்கப்பட்ட தங்கள் மகளின் பெயரால் பிராட்லி குடும்பத்தார் நிறுவிய இல்லத்தில் சார்லஸ் பிராட்லி மருத்துவராக இருந்தார். மூளையைப் படமெடுத்தபின் குழந்தைகளுக்கு வந்த கடும் தலைவலிக்கு அவர் பென்செட்ரின் என்ற ஊக்கி மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. பள்ளிப் பாடத்தில் மாற்றம் தெரிந்தது. 1937-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 30 குழந்தைகளில் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தனர். குழந்தைகளே அதைக் 'கணக்கு மாத்திரை' என்றார்கள். அதே ஆய்வில் 15 பேரின் உணர்ச்சிக் கொந்தளிப்பு தணிந்ததையும் பிராட்லி எழுதியிருக்கிறார். கணக்கு நினைவில் நின்றது; அந்த 15 பேர் மறக்கப்பட்டனர்.

1960-களில் 'மூளையின் நுண்செயலிழப்பு' என்ற பெயர் வழக்கில் இருந்தபோதும் உணர்ச்சிக்கு இடமிருந்தது. 1966-இல் சாம் கிளெமென்ட்ஸ் தொகுத்த முக்கியமான பத்து இயல்புகளில், சட்டென மாறும் உணர்ச்சி மூன்றாவதாக நின்றது. 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம் இதைக் குழந்தைப்பருவ மிகையியக்கம் என்று சுருக்கியது. மான்ட்ரியலில் வர்ஜீனியா டக்ளஸ், நீடித்த கவனமும் உந்துதலைத் தடுக்கும் திறனுமே அடிப்படைச் சிக்கல் என்று 1972-இல் காட்டினார். அதன்பின் 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பு பெயரையே கவனக்குறைவுக் கோளாறு என மாற்றி, மிகையியக்கம் உள்ளது, இல்லாதது என இரண்டாகப் பிரித்தது. ஓயாமல் ஓடாத, ஓரமாக உட்கார்ந்து கனவு காணும் குழந்தைக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, இது பெரிய வாசல். ஆனால் உணர்ச்சி நிலையின்மை 'உடன் காணப்படுபவை' என்ற பகுதிக்கு ஒதுங்கியது. கவனத்தைச் சோதனைக்கூடத்தில் அளக்க முடியும். கோபத்தை அவ்வளவு எளிதாக அளக்க முடியாது, அது வேறு பல கோளாறுகளிலும் வரும். அளவுகோலுக்கு இந்தக் காரணம் பொருந்தும். அவதிப்படுபவருக்கு அது எதையும் தரவில்லை.

யூட்டா பல்கலைக்கழகத்தின் பால் வெண்டர் மட்டும் இதை ஏற்கவில்லை. பெரியவர்களுக்காக அவர் வகுத்த அளவுகோல்களில் மனநிலை மாற்றம், எளிதில் மூளும் கோபம், சிறு நெருக்கடியையும் தாங்க முடியாமை மூன்றும் இடம்பெற்றன.

கையேட்டின் கவனமோ வகைகளின் மீதே இருந்தது. 1987-இல் வகைகள் நீக்கப்பட்டு 14 அறிகுறிகள் கொண்ட ஒரே பட்டியல் வந்தது. 1994-இல் மூன்று வகைகள் அமைந்தன. சிறுவயதில் துள்ளித் திரிந்த குழந்தை வளர்ந்தபின் கவனமின்மை வகைக்கு மாறுவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியதால், 2013-இல் 'வகை' என்ற சொல்லே விலக்கப்பட்டு, அப்போதைக்கு வெளிப்படும் தோற்றம் என்ற பொருளில் வேறு சொல் ஏற்கப்பட்டது. அறிகுறிகள் 7 வயதுக்குள் தெரிய வேண்டும் என்றிருந்த வரம்பும் 12 ஆனது.

இதற்கிடையே ரஸ்ஸல் பார்க்லி 1997-இல், தன்னைத் தடுத்துக்கொள்ளும் ஆற்றலின் குறையே வேர் என்றும், உணர்ச்சியை ஆள முடியாமை அதன் நேர்விளைவு என்றும் விளக்கினார். ஸ்டில் சொன்னதிலிருந்து இது அதிகம் விலகவில்லை. பழி சுமத்தும் சொல் மட்டும் இல்லை. பிலிப் ஷாவும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் செய்த மதிப்பாய்வு, உணர்ச்சிக் கட்டுப்பாட்டுச் சிக்கல் குழந்தைகளில் 25 முதல் 45 சதவீதத்தினரிடமும் பெரியவர்களில் 30 முதல் 70 சதவீதத்தினரிடமும் காணப்படுவதாகக் கணித்தது. பெரியவர்களுக்கான ஐரோப்பிய நிபுணர் குழுவின் 2019 அறிக்கையும் அதை இந்நிலையோடு சேர்த்தே பேசுகிறது. அமெரிக்கக் கையேட்டில் அது இன்னும் 'உடன் காணப்படுபவை' பகுதியிலேயே இருக்கிறது.