பதினைந்தாம் சிகரமும் கணிப்பாளர் இராதாநாதரும்

1856 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, இந்திய நில அளவையாளர் நாயகமாயிருந்த அன்ட்ரூ வோ என்பார் கல்கத்தாவிலிருந்த தம் துணைத் தலைவர் துலியருக்கு ஒரு கடிதம் வரைந்தார். அதுகாறும் 'பதினைந்தாம் சிகரம்' என்று இலக்கத்தாற் சுட்டப்பட்டு வந்த இமயமுடி ஒன்று கடல்மட்டத்துக்கு மேல் 29,002 அடி உயரமுடையது என்றும், உலகில் அறியப்பட்ட முடிகளுள் அதுவே மிக உயர்ந்தது போலும் என்றும், தமக்கு முன் அப்பதவியை வகித்த ஜோர்ஜ் எவரெஸ்டின் பெயரை அதற்குச் சூட்டுதல் தகுமென்றும் அதில் அவர் தெரிவித்தார். எவரெஸ்டோ 1843 இலேயே பதவி துறந்து தாயகம் சென்றவர். அம்முடியை நோக்கி அளந்தவர் அவரல்லர். அதன் உயரத்தைக் கணித்தவரும் அவரல்லர். நோக்கியவர் ஒருவர், கணித்தவர் ஒருவர், அறிவித்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்று இவ்வாறு பல கைப்பட்ட செயலிலே புகழ் யாருக்கு உரியது என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. அவ்வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் மலைமுடியின் பெயரையே நோக்குவர். நோக்கவேண்டிய இடம் வேறு. அஃது ஒரு பாடநூலின் முன்னுரையாகும்.

இந்தியப் பெருந்திரிகோண அளவை தொடங்கியது தமிழ்நாட்டிலேதான். 1802 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வில்லியம் லாம்டன், சென்னையை அடுத்த பரங்கிமலையருகே, ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அவ்வொரு கோட்டின் நீளம் தெரிந்தபின் கோணங்களை மட்டும் அளந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக ஒரு நாடு முழுவதையும் வலை போல மூடிவிடலாம். கோணம் அளக்கும் பெரிய தியோடலைற்றுக் கருவி அரைத் தொன் நிறையுடையது. 1808 இல் அதனைத் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின்மீது ஏற்றுகையிற் கயிறறுந்து கருவி சுவரில் மோதிற்று. பாகை பொறித்த வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்தினுட் புகுந்து, ஆறு வாரமளவும் அதனைத் தம் கையாலேயே சிறிது சிறிதாகச் சீர்செய்தார் என்ப. தலைவன் எல்லாவற்றையும் தானே செய்யும் காலம் அது. தொழில் சிறியதாயிருந்தமையின் அது இயன்றது.

லாம்டன் 1823 இல் மத்திய இந்தியாவில் இறந்தார். அவருக்குப்பின் வந்த எவரெஸ்டின் கையில் அவ்வளவை கன்னியாகுமரியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை நீண்டது. இனி ஒருவரே நோக்கி, ஒருவரே கணித்து, ஒருவரே எழுதுதல் கூடாதாயிற்று. கணிப்பு வேலை ஒரு தனித் துறையாகப் பிரிந்தது. அதிற் பணிபுரிந்தோர் 'கொம்பியூற்றர்' எனப்பட்டனர். இன்று ஓர் இயந்திரத்துக்கு வழங்கும் அப்பெயர் அன்று மானிடர்க்கே வழங்கியதென்பதை மாணவர் நினைவிற் கொள்க.

1831 இல் எவரெஸ்ட் கோளத் திரிகோணகணிதத்தில் வல்ல இளைஞர் ஒருவரைத் தேடியபோது, கல்கத்தா இந்துக் கல்லூரியின் கணித ஆசிரியர் தைற்றலர் தம் மாணவர் ஒருவரைக் காட்டினார். அவரே இராதாநாத சிக்தார். 1813 இற் கல்கத்தாவிலே பிறந்து, டெரோசியோவின் சிந்தனைச் சூழலில் வளர்ந்த இவர், பத்தொன்பது வயது நிரம்புமுன் அளவைப் பணியிற் சேர்ந்தார். எவரெஸ்ட் கடுஞ்சினத்தர், உதவியாளரை எளிதிற் பாராட்டாதவர். அத்தகையோர், கணிதத்திற் சிக்தாருக்கு ஒப்பாவார் இந்தியாவில் ஐரோப்பியருள்ளும் சுதேசிகளுள்ளும் அரியரென்று அரசாங்கத்துக்கு எழுதினார். மகனுக்கு இங்குள்ள மதிப்பை நேரிற் காண வரவேண்டும் என்று சிக்தாரின் தந்தையாருக்கும் ஒரு கடிதம் எழுதினார். இக்கடிதங்களில் உண்மையான அன்பு உண்டு. ஆயினும் கடிதம் பெட்டியில் உறங்குவது. நூல் ஊரெங்கும் செல்வது. இவ்வேறுபாடு பின்னர் வெளிப்படும்.

சிக்தார் தமக்குக் கீழுள்ளாரை எவ்வாறு நடத்தினார் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1843 இல் டேராடூனில், அளவைக் கூலியாட்களை அப்பகுதி நீதவான் ஊதியமின்றித் தம் பொதிகளைச் சுமக்கச் செய்தார். சிக்தார் அப்பொதிகளைத் தடுத்து வைத்தார். வழக்கு மூண்டது, அவருக்கு 200 ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. ஆட்கள் அரசாங்கப் பணியாளரேயன்றி எவருடைய அடிமைகளுமல்லர் என்பதே அவர் கொண்ட நிலை. ஓர் உயர் அதிகாரியை எதிர்த்து, பெயரறியாச் சுமைகாரருக்காக ஒரு சுதேசி உத்தியோகத்தர் நீதிமன்றம் ஏறியமை அக்காலத்தில் எளிய செயலன்று. கல்கத்தாவிற் சீர்திருத்தக் கருத்தினர் நடத்திய பத்திரிகை அவ்வழக்கை வெளியிட்டது.

நிற்க. மலைமுடியின் கதைக்கு மீள்வோம். நேபாளம் அளவையாளரை உள்ளே விடவில்லை. எனவே பிகாரின் வடவெல்லையிலே, தராய் என்னும் சதுப்புக்காட்டை அடுத்துக் கட்டப்பட்ட கோபுரங்களின்மேல் நின்று, நூறு மைலுக்கப்பாலுள்ள முடிகளை நோக்கவேண்டியதாயிற்று. 1849-50 இல் நிக்கல்சன் என்பவர் ஆறு நிலையங்களிலிருந்து பதினைந்தாம் சிகரத்தை நோக்கினார். குளிர்சுரம் அவரையும் வருத்திற்று. அப்பணியிற் கொடி பிடித்தோரும் விளக்கேற்றினோரும் பலர் மாண்டனர். ஆறு நோக்கங்களும் ஆறு உயரங்களைத் தந்தன. மிகக் குறைந்தது 28,990 அடி, மிகக் கூடியது 29,026 அடி. சராசரியே 29,002.

பார்ப்பதற்கு இச்சராசரி சிறுவர் கணக்குப் போலத் தோன்றும். உண்மை அஃதன்று. தொலைவிலுள்ள முடியிலிருந்து வரும் ஒளிக்கதிர், அடர்த்தி மாறும் வளியூடு வளைந்தே கண்ணை அடைகின்றது. அவ்வளைவைச் சரியாக மதிப்பிடாவிடின் உயரம் நூற்றுக்கணக்கான அடி பிழைபடும். பூமியின் வளைவையும் அதனோடு சேர்த்துக் கணிக்கவேண்டும். 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் நேபாளமும் சீனாவும் கூட்டாக அறிவித்த உயரம் 8,848.86 மீற்றர். முடியின் அருகிலேனும் செல்லாதோர் கண்ட அளவு இதனினும் 30 அடியளவே குறைந்தது என்பதை எண்ணுமிடத்து அக்கணிப்பாளரின் திறம் விளங்கும்.

1852 இல் சிக்தார் வோவின் அறைக்குள் ஓடிச்சென்று, உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுவிட்டேன் என்று கூவினார் என்றொரு கதை நூல்களிற் பரவியுள்ளது. கேட்க இனிய கதை. ஆயினும் நிகழ்ந்திருத்தல் அரிது. 1849 முதல் சிக்தார் தலைமைக் கணிப்பாளராகக் கல்கத்தாவில் இருந்தார். வோவின் இருப்பிடமோ டேராடூன். இடையே ஆயிரம் மைலுக்குக் குறையாத வழி. பிற்காலத்தில் நில அளவையாளர் நாயகமாகிய பறாட் என்பவர் 1904 இல் எழுதியபோது, 1852 அளவிலே கல்கத்தாவிலிருந்த தலைமைக் கணிப்பாளர் இச்செய்தியை வோவுக்கு அறிவித்தார் என்று அமைதியாகவே குறித்தார். டேராடூன் அலுவலகத்தில் ஹெனெசி முதலிய கணிப்பாளரும் மலைமுடிகளின் கணக்கில் உழைத்தனர். ஆகவே, இம்முடியைக் கண்டவர் சிக்தார் ஒருவரே என்று முழங்குவோரும், எவரெஸ்டின் பெயரை மட்டும் சொல்லி அமைவோர் செய்யும் பிழையையே வேறு வகையிற் செய்கின்றனர். பலரது உழைப்பை ஒருவர் தலையிற் சூட்டுதல் இரண்டிடத்தும் ஒன்றே.

வோவின் பங்கையும் குறைத்தல் நீதியன்று. கணக்கு கைக்கு வந்த பின்னும் ஏறக்குறைய நான்கு ஆண்டு அவர் அதனை வெளியிடாது மீண்டும் மீண்டும் சரிபார்க்கச் செய்தார். தகுந்தோரைத் தேர்ந்து, அவரிடத்து வேலையை ஒப்புவித்து, பிழை நேர்ந்தாற் பழியைத் தாம் ஏற்கும் நிலையில் நின்றவர் அவர். தலைவனுக்குரிய தொழில் அதுவே. ஆயின் பெயர் சூட்டும் பொழுது அவர் தம் கீழ்ப் பணிபுரிந்தாரை நோக்காது, தமக்கு மேல் இருந்தவரை நோக்கினார். உள்ளூர்ப் பெயர் கிடைக்காமையே காரணமென்று அவர் கூறியதை நேபாளத்தில் நெடுநாள் வாழ்ந்த பிறையன் ஹொட்சன் மறுத்தார். எவரெஸ்ட் தாமே 1857 இல் இலண்டன் அரச புவியியற் கழகத்தில், தம் பெயரை இந்திய மக்கள் உச்சரித்தலும் இந்தியில் எழுதுதலும் இயலாதென்று தயக்கம் தெரிவித்தார். 1865 இல் அக்கழகம் அப்பெயரையே ஏற்றது. திபெத்தியர் அதற்குமுன்னும் பின்னும் 'சோமோலுங்மா' என்றே அழைத்து வருகின்றனர்.

இனி, தொடக்கத்திற் குறித்த பாடநூலுக்கு வருவோம். ஸ்மித், துலியர் என்னும் இரு படைத்துறை அதிகாரிகள் தொகுத்து 1851 இல் வெளியிட்டது இந்தியாவுக்கான நில அளவைக் கைந்நூல். அளவையாளர் ஒவ்வொருவர் கூடாரத்திலும் கிடந்த நூல் அது. அதன் முன்னுரையில் தொகுப்பாசிரியர் இருவரும், மூன்றாம் பகுதியின் இன்னின்ன அத்தியாயங்களும், வானியலைக் கூறும் ஐந்தாம் பகுதி முழுவதும் பாபு இராதாநாத சிக்தாருடையன என்று அத்தியாய எண் சுட்டியே கூறியிருந்தனர். பொதுவாக 'உதவினார்' என்று சொல்லி அமையாது, எது எவருடையது என்று வரையறுத்துச் சொன்ன அந்நேர்மை வியக்கத்தக்கது. நூலின் அட்டையிலே தொகுத்தோர் பெயர் நின்றது. உள்ளே எழுதியவர் பெயர் நின்றது. இருவர்க்கும் உரியது இருவர்க்கும் கிடைத்தது.

சிக்தார் 1862 இல் ஓய்வு பெற்றார். அதற்கு முன்னரே, 1854 இல், நண்பர் பியாரிசந்த் மித்திரருடன் சேர்ந்து பெண்கள் படிக்கத்தக்க எளிய வங்காள நடையில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியிருந்தார். 1870 மே 17 ஆம் நாள் சந்திரநாகூரை அடுத்த கொண்டல்பாராவில் உயிர் நீத்தார்.

ஐந்தாண்டு கழிந்து, 1875 இற் கைந்நூலின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. துலியர் அப்பொழுது நில அளவையாளர் நாயகம். அப்பதிப்பிலே சிக்தாரின் ஆக்கம் இருந்தது. அது அவருடையது என்று கூறிய முன்னுரை வரிகள் இல்லை. நேர்மையாக எழுதிய கையே அவ்வரிகளை நீங்கவும் விட்டது. மறுத்துரைக்கச் சிக்தார் உயிரோடில்லை. ஆனால் 1876 இல் அளவைப் பணியிலிருந்த மக்டொனல்ட் என்னும் ஆங்கில அதிகாரி 'பிரெண்ட் ஒவ் இந்தியா' பத்திரிகையில், இச்செயல் இறந்தவரிடம் கொள்ளையிடுதலை ஒக்கும் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். மேலதிகாரிகளைத் தாக்கிய அவ்வெழுத்தால் அவருக்குப் பயனொன்றும் விளையாது என்பது அவர் அறியாததன்று. கைந்நூலின் பழைய பதிப்புகளை வைத்திருந்தோர் அவற்றின் முன்னுரையைப் புரட்டி, எவ்வத்தியாயம் யாருடையதென்று அறிந்துகொண்டனர்.