கூலி கொடுத்தவரும் கூலியானவரும்

யோனா தீர்க்கதரிசி யோப்பா துறைமுகத்துக்குச் சென்றான், கப்பலொன்றைக் கண்டான், கட்டணம் செலுத்தி ஏறினான். பயண ஏற்பாடு முழுவதும் இம்மூன்று செயல்களில் அடங்கிவிடுகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் அக்கட்டணத்தைக் 'கூலி' என்னும் சொல்லால் குறிக்கிறது. தன் கூலியைத் தானே கொடுத்தமையால், தான் செல்லும் திசையையும் அவனே தெரிந்துகொண்டான். அத்திசை தவறானது என்பது வேறு பொருள். ஒருவனுடைய கட்டணத்தைப் பிறர் செலுத்தும்போது அவன் திசையைத் தெரிந்தெடுப்பவர் யார்? தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள குறுகிய கடலை நம் மக்கள் கடந்த வரலாற்றை இவ்வினாவுடன் நோக்குவோம்.

1914-ஆம் ஆண்டில் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை இரயிலில் வந்து, அங்கிருந்து ஓரிரவு கப்பலில் கழிக்கவேண்டியிருந்தது. பாலம் அமைந்தபின் இரயில் தனுஷ்கோடித் துறை வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவே. நீராவிக் கப்பல் இரண்டு மணி நேர அளவில் அதைக் கடந்தது. மறுகரையில் இலங்கை இரயில் காத்திருந்தது. 'போட் மெயில்' என மக்கள் வழங்கிய இவ்வழியில், சென்னையில் வாங்கிய ஒரே சீட்டைக் கொண்டு கொழும்பு வரை செல்லக்கூடியதாயிற்று. வணிகரும் மாணவரும் குருமாரும் இவ்வாறு சென்று வந்தனர். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணமும் அதன் பேராயங்களுள் ஒன்றாயிற்று. ச. குலேந்திரன் அதன் பேராயராக அபிஷேகம் பெற்றார். இரு கரையிலும் ஒரே சபை என்னும் எண்ணம், கடக்கக்கூடிய கடலாக அது இருந்தமையால் இயல்பாகவே தோன்றிற்று எனலாம்.

ஆயினும் அதே கடலை வேறொரு சீட்டுடன் கடந்தவர்களே எண்ணிக்கையில் மிகப் பலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துத் தொழிலாளர் அழைத்துச் செல்லப்பட்டனர். தொடக்கத்தில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே சென்றனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். பயணத்துக்கு முன்பணம் கொடுத்தவர் கங்காணி. ஆகவே கப்பலில் காலடி வைக்கும் முன்னரே பயணி கடனாளியானான். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விரும்பினால், கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். இம்முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. தகரவில்லை முறையும் இருந்தது. மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரவில்லை தொழிலாளிக்கு அளிக்கப்பட்டது. அதுவே அவனது பயணச்சீட்டு. செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. செல்லும் இடத்தை அவ்வில்லை அறிவித்தது. செல்பவனின் பெயரை அறிவிக்கவில்லை.

இவ்வாறு சென்றோரைச் சோதிக்க இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், இலங்கை அரசு ஒரு முகாமை நடத்திற்று. தொற்றுநோய்த் தடுப்புக்காக அவர்கள் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னரே கப்பலேற்றப்பட்டனர். நம் சபைகளும் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1854-இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தோன்றி, தோட்டங்களில் உபதேசியார்கள் ஊழியம் செய்தனர். எனினும், கூலி என்ற சொல்லை ஊழியத்தின் பெயரிலேயே வைத்ததில், அக்காலத் திருச்சபை அம்மக்களை எவ்வாறு நோக்கிற்று என்பதும் புலனாகிறது.

பெயரற்ற சீட்டின் விளைவு பின்னரே வெளிப்பட்டது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. கங்காணியின் கணக்கில் தலைகளாக எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எச்சான்றைக் காட்டுவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று செய்யப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

உடன்படிக்கை கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த இரயிலைப் பயணிகளுடன் கடல் கொண்டது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. தாயகம் திரும்புவோர் எனப்பட்ட மக்கள், தாங்கள் பிறவாத 'தாயகத்தில்' அக்கப்பலிலிருந்து இறங்கினர். அவர்களையும் மண்டபம் முகாமே வரவேற்றது. 1980-களில் போர் மூண்டபோது கப்பல் நின்றது. அகதிகள் சிறு படகுகளில் வந்தனர். அவர்களுக்கும் அதே மண்டபம்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிற்று. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. முன்பதிவு, பாஸ்போர்ட், வடகிழக்குப் பருவக்காற்று ஓயும் காலம் ஆகியவற்றை இவ்வழிச் செல்வோர் எண்ணித் திட்டமிட வேண்டும். இன்றையச் சீட்டில் பயணியின் பெயர் இருக்கிறது. அது சிறிய காரியமன்று.

குருமாரும் இறையியல் மாணவரும் இவ்வரலாற்றிலிருந்து ஒரு கடமையைப் பெற்றுக்கொள்ளலாம். தகரவில்லை எண்ணைத் தந்த காலத்தில், சபையின் ஞானஸ்நானப் பதிவேடு பிள்ளையின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் எழுதிற்று. திருமண, அடக்கப் பதிவேடுகளும் அவ்வாறே. தாயகம் திரும்பியோர் குடியேறிய ஊர்களிலும், அகதி முகாம்களின் அருகிலும் ஊழியம் செய்வோர், ஓரிடத்தில் பிறந்து மற்றோரிடத்தில் வளர்ந்த மக்களை நாள்தோறும் சந்திக்கின்றனர். அவர்கள் பெயரையும், பிறந்த தோட்டத்தையும், கடல் கடந்த ஆண்டையும் பிழையின்றி எழுதி வைப்போம். கறையான் அரிக்கும் பழைய ஏடுகளைப் படியெடுத்துக் காப்போம். ஒரு குடும்பம் தன் உரிமையைக் கேட்டு நிற்கும் நாளில், சபை அலுவலகத்தின் அந்த ஒரு வரி அவர்களுக்குத் தேவைப்படலாம்.