கூப்பனில் வாங்கிய அரிசி



ஜேர்மனி வாழ்க்கையைப் பற்றிக் கதைத்தால் விசா, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்றுதான் கதைப்போம். பணப்பையை யாரும் திறப்பதில்லை. ஆனால் இந்த நாடு எங்களை எப்படிப் பார்த்தது என்பதை, கடையில் நாங்கள் எதை நீட்டிச் சாமான் வாங்கினோம் என்பதே சொல்லிவிடும்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையாக இங்கு வந்தார்கள். பின்னர் யூகோஸ்லாவியப் போர் மூண்டது. 1992இல் மட்டும் தஞ்சம் கேட்டு ஏறத்தாழ 4 இலட்சத்து 38 ஆயிரம் விண்ணப்பங்கள். காசு கொடுப்பதால்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று அரசியல்வாதிகள் வாதிட்டார்கள். 1993 நவம்பர் 1 முதல், தஞ்சம் கோருவோருக்கான உதவிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாப்பாடும் உடுப்பும் முதலில் பொருளாகத்தான்; இல்லாவிட்டால் கூப்பனாகவும் கொடுக்கலாம். கைச்செலவுக்குப் பெரியவருக்கு மாதம் 80 மார்க், சிறுவருக்கு 40 மார்க்.

நானும் அந்தக் கூப்பனில் அரிசி வாங்கியவன்தான். சொன்ன கடையில் மட்டுமே அது செல்லும். காசாளர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்ப்பார்; பின்னால் நிற்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள். தமிழ்க் கடையில் மிளகாய்த்தூள் வாங்கவும், ஊருக்கு ரெலிபோன் எடுக்கவும், வழக்கறிஞருக்குக் கொடுக்கவும் அந்த 80 மார்க்தான். சில நகரங்களில் ஜேர்மன் மக்களே கூப்பனை வாங்கிக்கொண்டு அதே பெறுமதிக்குக் காசு தந்ததையும் மறக்கக்கூடாது.

2002 ஜனவரியில் யூரோ வந்தது. 80 மார்க், 40 யூரோ 90 சதம் ஆனது. விலைவாசி ஏறியும் 1993இல் வைத்த தொகை அப்படியே கிடந்தது. 2012 ஜூலை 18இல்தான் அரசியலமைப்பு நீதிமன்றம், இந்தத் தொகை வாழப் போதாது, அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. குடிவரவைக் குறைப்பதற்காக மனித கண்ணியத்தைக் குறைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 2015 மார்ச்சில், முதற்கட்ட முகாமை விட்டு வெளியேறியவர்களுக்குக் காசுக்கே முன்னுரிமை கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 2024 மே மாதம் கட்டண அட்டைக்குச் சட்டம் வந்தது. பல மாநிலங்களில் பெரியவர் ஒருவர் அந்த அட்டையிலிருந்து மாதம் 50 யூரோவை மட்டுமே காசாக எடுக்கலாம். வெளிநாட்டுக்குப் பணம் போகக்கூடாது என்பது இதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று. தாளுக்குப் பதில் பிளாஸ்டிக், வாதம் பழையதுதான்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. எங்கள் ஆட்களிலும் சிலர், "இப்ப வாறவைக்குக் காசு குடுக்கக்கூடாது" என்கிறார்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு தாய் ரெலிபோனுக்குக் காத்திருப்பாள். எங்கள் பிள்ளைகள் வங்கி அட்டையோடு வளர்ந்தவர்கள், கூப்பனைக் கண்டதில்லை. வீட்டில் அந்தத் தாள் ஒன்று மிஞ்சியிருந்தால் எடுத்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் வாயால் சொல்லுங்கள். அதுவும் எங்கள் வரலாறுதான்.