மறைப்பதா? விளக்குவதா?

கலை காலத்தின் கண்ணாடி என்பர். அக்கண்ணாடியில் ஓரினம் தன் முகத்தைக் கோணலாகக் காண நேர்ந்தால் என் செய்வது? உடைப்பதா, மூடி வைப்பதா, கோணலைச் சுட்டிக்காட்டுவதா? பழைய கேலிச்சித்திரப் படங்களைக் குறித்து உலகெங்கும் எழுந்துள்ள வினா இதுவே. மலேசியத் தமிழராகிய நாமும் ஒரு நூலின் வாயிலாக 2011-ஆம் ஆண்டில் இவ்வினாவை எதிர்கொண்டோம். இரண்டையும் ஒருங்கே நோக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

முதற்கண் படங்களின் வரலாறு. 1930, 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவான கேலிச்சித்திரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் தடித்த உதடும் மழுங்கிய அறிவும் உடையோராக வரையப்பட்டனர். சம உரிமைப் போராட்டத்தால் மக்கள் மனம் மாறியபின், பட நிறுவனங்கள் மூன்று வழிகளை மேற்கொண்டன.

முதல் வழி மறைத்தல். வார்னர் பிரதர்ஸ் குறும்படங்கள் பதினொன்றை, அவற்றின் உரிமையைப் பெற்றிருந்த யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனம் 1968-இல் தொலைக்காட்சியிலிருந்து விலக்கியது. டிஸ்னியின் ‘சாங் ஆஃப் தி சவுத்’ (1946) அமெரிக்காவில் ஒளிநாடாவாகக்கூட வெளிவரவில்லை. இரண்டாம் வழி வெட்டுதல். ‘ஃபேன்டேசியா’ (1940) படத்தில் பணிப்பெண்ணாக வரும் கறுப்பினப் பாத்திரம் பின்னாளில் சத்தமின்றி நீக்கப்பட்டது. மூன்றாம் வழி விளக்குதல். வார்னர் நிறுவனம் தன் பழைய படங்கள் சிலவற்றிற்கு முன்னுரை சேர்த்தது. அக்காட்சிகள் அன்றும் தவறு, இன்றும் தவறு. எனினும், அவற்றை மறைத்தல் அவ்வெறுப்பு இருந்ததே இல்லை என்று சாதிப்பதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. டிஸ்னியும் 2020-இல் ‘டம்போ’ (1941), ‘பீட்டர் பேன்’ (1953) முதலிய படங்களின் எச்சரிக்கைக் குறிப்பை விரிவாக்கியது. அடுத்த ஆண்டில் அவற்றைச் சிறார் பகுதியிலிருந்து விலக்கியது.

இனி நம் வரலாறு. அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ 1971-இல் வெளிவந்த மலாய் நாவல். மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை வழியே இன ஒற்றுமையைக் காட்டுவது அதன் நோக்கம். நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 2011-இல், அது நாட்டின் சில பகுதிகளில் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாயிற்று. கடல் கடந்து வந்த இந்தியரை ஒரே சாதிப்பெயரால் ஒட்டுமொத்தமாகச் சுட்டிய பகுதி நம்மவரைப் புண்படுத்தியது. எதிர்ப்பு வலுத்தது. முதலில் திருத்தம் என்றனர். ஆண்டிறுதியில் பாடநூல் பட்டியலிலிருந்தே நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது.

நாம் சினந்தது எதற்காக? பல சாதியினர் கப்பலேறி வந்திருக்க, எல்லாரையும் ஒன்றாக்கிய பொய்மைக்காகச் சினந்திருந்தால் அது நியாயம். அச்சாதிப்பெயரே இழிவு என்று சினந்திருந்தால், அக்கோணல் நூலில் மட்டுமன்று, நம் நெஞ்சிலும் உண்டு. கருநிறத்தை நகைச்சுவைப் பொருளாக்கும் நம் தமிழ்த் திரைப்படங்களும் இதற்குச் சான்று.

கமுந்திங் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகிய எனக்கு ஒன்று தெளிவு. நூலகத்தில் ஒரு நூலைத் தானே எடுத்துப் படிப்பவன், பிடிக்காவிடில் மூடி வைக்கலாம். தேர்வுக்கென அதைப் படிக்கும் பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை. வகுப்பில் அப்பக்கம் வாசிக்கப்படும்போது சக மாணவர் விழிகள் தன்மேல் திரும்புவதை அவன் தாங்கியே ஆகவேண்டும். ஆதலின், கட்டாயப் பாடத்திலிருந்து அந்நூலை விலக்கியது சரியே. அதற்காக அதை நூலகத்திலிருந்தும் துரத்தவேண்டும் என்பது சரியன்று.

பட நிறுவனங்களுக்கும் இதுவே நெறியாகலாம். பழைய படத்தை அழித்தலும் வேண்டா. சத்தமின்றி வெட்டிச் சரித்திரத்தைச் சலவை செய்தலும் வேண்டா. முழுமையாகப் பாதுகாக்க வேண்டும். முன்னுரையைப் புண்பட்ட இனத்தாரைக் கொண்டே எழுதுவிக்க வேண்டும். விவரம் அறியாச் சிறுவர் கண்ணில் துணையின்றிப் படாமல் காக்க வேண்டும். வளர்ந்த மாணவர்க்கோ, அதனைக் காட்டியே, ‘இப்படி வரைந்தவர் யார்? யாரைச் சிரிக்க வைக்க வரைந்தனர்?’ என வினவக் கற்பிக்க வேண்டும். அவ்வினாவைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தக் கோணல் கண்ணாடியும் ஏமாற்ற இயலாது. அத்தகைய பிள்ளைகளை உருவாக்குதல் ஆசிரியராகிய நம் கடன்.